மெட்டுக் குளிரும் சாமியாரின் விரதமும்

"பியர்டட் டிராகன் சாப்பிட மாட்டேங்குது, வேற என்ன கொடுத்துப் பாக்கலாம்?" என்று யார் கேட்டாலும் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். கூண்டுக்குள் எத்தனை டிகிரி? பெரும்பாலும் பதில் வராது. "ரூம் சூடாத்தாண்ணே இருக்கு" என்பார்கள். ரூம் நமக்குச் சூடாக இருந்தால் நாம் சாப்பிடலாம். அது சாப்பிடுமா?

நம் உடம்பு தன் சூட்டைத் தானே உண்டாக்கிக்கொள்ளும். பல்லிக்கும் ஓணானுக்கும் அந்த வசதி கிடையாது. வெயிலிலோ பாறையிலோ சூடு வாங்கினால்தான் குடல் அசையும். பியர்டட் டிராகனுக்கு உடம்புச் சூடு 35 டிகிரியை ஒட்டி இருக்க வேண்டும். அதற்குக் கீழே போகப் போக செரிமானம் மந்தமாகும், பசியும் அடங்கிவிடும். இந்த நிலையில் தீனியை மாற்றி மாற்றி நீட்டுவதில் புண்ணியமில்லை. முதலில் சூடு, அடுத்தது தண்ணீர், கடைசியில்தான் தீனி. இந்த வரிசை தலைகீழானால் பிழைக்க வேண்டிய பிராணியும் செத்துப்போகும்.

இந்தப் பிராணியைப் பார்த்திராதவர்களுக்கு இரண்டு வரி. ஆஸ்திரேலியாவின் உள்நாட்டு வறண்ட நிலம்தான் இதன் ஊர். விஞ்ஞானப் பெயர் போகோனா விட்டிசெப்ஸ். தாடையின் கீழே முள் முள்ளாக ஒரு பை, கோபம் வந்தால் அதை உப்பிக் கறுப்பாக்கிக் காட்டும். அதுதான் தாடி. நம் வேலியோர ஓணானுக்குத் தூரத்துப் பங்காளி. அதே மாதிரி தலையாட்டும். ஏலக்காட்டு மரங்களில் விலாச் சவ்வை விரித்து மரத்துக்கு மரம் மிதந்து போகிற பறக்கும் ஓணானும் இதே குடும்பம். மூணாறு, ஆனைமலை உச்சிச் சோலைகளில் பனியோடு பனியாக வாழ்கிற சலேயா என்ற முள் ஓணானும் இதே குடும்பம்தான். ஆனால் குளிரைத் தாங்கும் வரம் சலேயாவுக்கு வாய்த்தது, தாடிக்காரனுக்கு வாய்க்கவில்லை.

இப்போது கதைக்கு வருகிறேன். அக்கா மகன் காலேஜில் படிக்கிறான். வீடு போடியில், ஏலத்தோட்டம் பூப்பாறைப் பக்கம். காய் எடுப்பு மும்முரமானால் குடும்பமே மலையேறிவிடும். அவனுடைய டிராகனுக்குப் பெயர் சாமியார். தாடி இருக்கிறதே! போனமுறை சாமியாரையும் கண்ணாடித் தொட்டியோடு ஜீப்பில் ஏற்றி, போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளையும் சுற்றிக் கொண்டுபோயிருக்கிறார்கள். போன இடத்தில் சாமியார் வாயைத் திறக்கவில்லை.

"சாமியார் விரதம் இருக்காருடா, தொந்தரவு பண்ணாத" என்று அம்மாச்சி சொல்லிவிட்டது. அதற்கு அந்தப் பிராணியைக் கண்டாலே ஆகாது. வேலியில போன ஓணானை எடுத்து வேட்டியில விட்ட கதையாக, காசு கொடுத்து வேறு வாங்கி வந்திருக்கிறான் என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லும்.

பையன் எனக்குப் போன் அடித்தான். "மாமா, முட்டைக்கோஸ் வச்சேன், பப்பாளி வச்சேன், புழு வச்சேன். எதையும் சீண்ட மாட்டேங்குது."

"மாப்ள, லைட்டுக்கு நேர் கீழ கைய வச்சுப் பாரு. சுடுதா?"

கொஞ்ச நேரம் சத்தமில்லை. "இல்ல மாமா. பல்பை அப்பா மாத்திட்டாரு. கரண்ட் பில் ஜாஸ்தி வருதுன்னு எல்ஈடி போட்டுட்டாரு."

விஷயம் அவ்வளவுதான். எல்ஈடி வெளிச்சம் தரும், சூடு தராது. போடியில் இருந்தவரை இது தெரிந்திருக்காது. போடி கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 350 மீட்டர், மெட்டு ஆயிரத்து முந்நூறுக்கு மேல். ஆயிரம் மீட்டர் ஏறினால் காற்று ஆறு ஏழு டிகிரி குளிர்ந்துவிடும். கீழே 34 டிகிரியில் வேர்த்து வழிகிற அதே மத்தியானத்தில் மேலே 27 இருக்கும். மூடுபனி இறங்கினால் அதுவும் இல்லை. போடியின் வெயில் இதுவரை இலவசமாகக் கொடுத்துக்கொண்டிருந்ததை மலையில் நாம்தான் பல்பு போட்டுக் கொடுக்க வேண்டும்.

அக்கா வீட்டுக்காரரிடம் போனைக் கொடுக்கச் சொன்னேன். அவர் ஸ்டோர் வைத்திருப்பவர். வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்: ஏலக்காயை உலர்த்துகிற கட்டடத்துக்கு எங்கள் பக்கம் ஸ்டோர் என்றுதான் பெயர். 45-லிருந்து 55 டிகிரிக்குள் சூட்டைப் பிடித்துவைத்து, இரவு முழுக்கக் கண்விழித்துப் பார்த்தால்தான் காய் பச்சை நிறம் குறையாமல் இறங்கும். "ஸ்டோர்ல பாதி ராத்திரி சூடு இறங்கிட்டா காய் என்னாகும்?" என்று கேட்டேன். "பூசணம் புடிச்சுப் போகும்" என்றார். "சூடு இல்லாம அது வயித்துக்குள்ள போற புழுவும் அப்படித்தான் கெட்டுப்போகும்" என்றேன். மனிதர் அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. அடுத்த ஜீப்பில் போடியிலிருந்து ஹாலஜன் பல்பு மேலே போனது.

வைக்கும் விதம் முக்கியம். தொட்டி முழுவதையும் சூடாக்கக் கூடாது. ஒரு மூலையில் பல்பு, அதன் கீழே ஒரு கல்லோ கட்டையோ. அந்தக் கல்லின் மேற்பரப்பு 38 முதல் 42 டிகிரி வரை இருக்கலாம். எதிர்மூலை 25-லிருந்து 29-க்குள் நிற்கட்டும். தனக்கு எவ்வளவு வேண்டுமோ அதை அது நடந்து நடந்து எடுத்துக்கொள்ளும். வாயைத் திறந்தபடி கல்லில் உட்கார்ந்திருந்தால் பயப்படாதீர்கள், போதுமான சூடு ஏறியதும் அப்படித்தான் வெளியேற்றும். அளப்பதற்குத் தொழிற்சாலைகளில் பயன்படுத்தும் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் வேண்டும். கொரோனா காலத்தில் வாங்கி அலமாரியில் போட்ட நெற்றித் துப்பாக்கி மனித உடம்புச் சூட்டுக்கென்று செய்தது, கல்லில் காட்டினால் அது சொல்வதை நம்ப முடியாது. கடைகளில் 'ஹீட் ராக்' என்று கரண்டில் சுடும் கல் ஒன்று விற்கிறார்கள். வேண்டவே வேண்டாம். வயிறு வெந்துபோகிற வரைக்கும் அதன்மேலேயே படுத்திருக்கும் பிராணி இது.

இரவில் வெளிச்சம் தேவையில்லை. சிவப்பு பல்பு, நீல பல்பு எல்லாம் வியாபாரம். இரவு 18 டிகிரிக்குக் கீழே இறங்குகிற இடமென்றால் மட்டும் வெளிச்சம் தராத செராமிக் ஹீட்டர் ஒன்றை மேலே தொங்கவிட்டால் போதும். மலையில் காற்றடித்து மரம் சாய்ந்து கரண்ட் போவது சகஜம். ஓரிரு நாள் சூடு இல்லாவிட்டால் வளர்ந்த டிராகன் செத்துவிடாது. அந்த நாள்களில் தீனி மட்டும் வைக்காதீர்கள். கரண்ட் ஒழுங்காக இருக்கும் நாளிலும் தீனி காலையில்தான். லைட் அணைக்கும் நேரத்தில் வயிறு நிரம்பியிருக்கக் கூடாது.

சூடு சரியாக இருந்தும் சாப்பிடவில்லை என்றால் அடுத்து நான் சந்தேகப்படுவது யூவி வெளிச்சத்தை. வெயிலில் இருக்கிற புற ஊதா பி கதிர் தோலில் பட்டால்தான் இதன் உடம்பில் வைட்டமின் டி3 உண்டாகும். டி3 இல்லாமல் சுண்ணாம்புச் சத்து சேராது. சேராவிட்டால் எலும்பு ரப்பராகும், தாடை நெகிழும், விரல்கள் நடுங்கும். இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. தீனியைத் திரும்பியே பார்க்காத டிராகன் வேறு, ஓடிவந்து நாக்கை நீட்டிவிட்டுக் கடிக்காமல் நிற்கிற டிராகன் வேறு. முதலாவதுக்குப் பசி இல்லை. இரண்டாவதுக்குப் பசி இருக்கிறது, வாயோ தாடையோ வலிக்கிறது. இரண்டாவதைப் பார்த்தால் ஒரு நாளும் தாமதிக்காமல் டாக்டரிடம் போக வேண்டும்.

யூவிபி டியூப் வெளிச்சம் தந்துகொண்டே இருக்கும், ஆனால் ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடத்துக்குள் அதன் யூவிபி சத்து குறைந்துவிடும். கண்ணுக்குத் தெரியாது. கண்ணாடி ஜன்னல் வழியாக வரும் வெயிலிலும் யூவிபி கிடைக்காது, கண்ணாடி அதைத் தடுத்துவிடும். போடி மாதிரி ஊரில் இருப்பவர்களுக்கு நான் சொல்வது, காலை வெயிலை விட்டுவிட்டு டியூபை நம்பாதீர்கள். கம்பிக்கூண்டில் பாதிக்கு நிழல் போட்டு, ஆள் பக்கத்திலேயே உட்கார்ந்து வெயில் காட்டுங்கள். கண்ணாடித் தொட்டியை மட்டும் வெயிலில் வைத்துவிடாதீர்கள், கொஞ்ச நேரத்தில் உள்ளே வெந்துவிடும். கூண்டைத் திறந்து வைத்துவிட்டு டீ குடிக்கப் போகவும் கூடாது. பருந்து ஒரு பக்கம், பூனை ஒரு பக்கம்.

தண்ணீரைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பல நாள் தின்னாத பிராணி உள்ளுக்குள் வறண்டிருக்கும். கண் குழி விழுந்திருக்கும், தோலைக் கிள்ளினால் மெதுவாகத்தான் இறங்கும். கை பொறுக்கும் வெதுவெதுப்பான தண்ணீரை அதன் முழங்கை உயரத்துக்கு ஊற்றி, பத்துப் பதினைந்து நிமிடம் விடுங்கள். மூக்கு நுனியில் சொட்டுச் சொட்டாக விட்டால் நக்கிக் குடிக்கும். பெரும்பாலும் அந்தத் தண்ணீரிலேயே வெளிக்கும் போய்விடும், அது நல்ல சகுனம். சாமியாரும் அதைத்தான் செய்தார். சூடு ஏறி, குளித்து, வயிறு இறங்கி, அதற்குப் பிறகுதான் ஒரு புழுவைத் தொட்டார்.

இனி தீனி. இதில்தான் ஏலமலைக்காரர்கள் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.

"வெளிய எவ்வளவு வெட்டுக்கிளி கெடக்கு, காசு கொடுத்து ஏன் புழு வாங்குற?" என்று எல்லா வீட்டிலும் கேட்பார்கள். நியாயமான கேள்விதான், ஊர் வேறாக இருந்தால். இந்தியாவில் பூச்சிமருந்து அதிகம் வாங்கிக் குடிக்கிற பயிர்களில் ஏலக்காயும் ஒன்று. இலைப்பேனும் தண்டு துளைப்பானும் விட்டுவைக்காததால், மாதத்துக்கு ஒரு தடவையாவது மருந்தடிக்கிற தோட்டங்கள் நிறைய. அடித்த மருந்தில் சாகாமல் தடுமாறிக்கொண்டிருக்கிற வெட்டுக்கிளிதான் கைக்கு எளிதாக அகப்படும். அதைப் பிடித்துக்கொண்டு வந்து போட்டால் மருந்தும் சேர்ந்து உள்ளே போகும். தோட்டத்து ஓரக் கீரைக்கும் இதே கணக்கு. வீட்டுக் கரப்பான் அதைவிட மோசம், எந்த வீட்டில் என்ன மருந்து தின்றுவிட்டு வந்ததோ.

மின்மினியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மழைக்கு முந்தைய மாதங்களில் எங்கள் சரிவுகளில் இரவானால் மரமே மினுங்கும். பிள்ளைகள் பிடித்துப் பாட்டிலில் அடைப்பார்கள். அமெரிக்காவில் மின்மினி தின்ற வளர்ப்பு டிராகன்கள் சில மணி நேரத்துக்குள் செத்ததை 1999-ல் ஒரு விஞ்ஞான இதழில் எழுதினார்கள். அங்கத்திய மின்மினியில் லூசிபுஃபாஜின் என்ற நஞ்சு இருக்கிறது. தேரையின் நஞ்சுக்கு ஒன்றுவிட்ட சகோதரி, நேரே இதயத்தைத் தாக்கும். ஒரே ஒரு பூச்சி போதும். நம் நாட்டு ஓணான்களுக்கு எதைத் துப்ப வேண்டும் என்று தெரிந்திருக்கலாம். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தவனுக்கு அந்தப் படிப்பு இல்லை, மினுங்குவதைப் பார்த்தால் பாய்ந்துவிடுவான். எந்த இன மின்மினியானாலும் வேண்டாம். பட்டர் ஃப்ரூட்டையும் இதே பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள். மலையில் தாராளமாகக் கிடைக்கிறதே என்று ஒரு துண்டு வைக்காதீர்கள், அதில் இருக்கும் பெர்சின் பறவைகளுக்கு ஆகாது, இதற்கும் ஆகாது என்றே வைத்துக்கொள்வது நல்லது.

வேறு என்ன தரலாம்? நம் மாவட்டத்துக்காரர்களுக்கு அதிர்ஷ்டம் இருக்கிறது. தேனிப் பக்கம் பட்டுப்புழு வளர்க்கிறவர்கள் இருக்கிறார்கள். தின்ன மறுக்கிற டிராகனுக்குப் பட்டுப்புழுவைப் போல நல்ல தூண்டில் கிடையாது. மெத்தென்று இருக்கும், ஓடு கிடையாது, தண்ணீர்ச்சத்து அதிகம், நெளிகிற விதத்திலேயே இதற்கு ஆசை வந்துவிடும். ஒரே நிபந்தனை, படுக்கையில் கிருமிநாசினிப் பொடி தூவுவதற்கு முன்னால் எடுத்த புழுவாக இருக்க வேண்டும். அந்தப் புழு தின்கிற மல்பெரி இலையும் டிராகனுக்கு நல்ல கீரை. முருங்கைக்கீரை, செம்பருத்திப் பூ, துருவிய பரங்கிக்காய், முள் நீக்கிய சப்பாத்திக்கள்ளி மடல் எல்லாம் தரலாம். பாலக்கும் தண்டுக்கீரையும் எப்போதாவது, அவற்றிலுள்ள ஆக்ஸலேட் சுண்ணாம்புச் சத்தைக் கட்டிப்போட்டுவிடும். பூச்சி எதுவானாலும் டிராகனின் இரண்டு கண்களுக்கும் நடுவில் உள்ள அகலத்தைவிடப் பெரிதாக வேண்டாம். பெரிதாகப் போனால் குடலில் அடைத்துக்கொள்ளும். தொட்டியில் ஆற்றுமணல் பரப்புவதிலும் அந்த ஆபத்து உண்டு, குட்டிகளுக்குப் பழைய நியூஸ்பேப்பரே உத்தமம்.

சுண்ணாம்புப் பொடிக்கு வெளிநாட்டு டப்பா கிடைக்காதவர்கள் நாட்டுமருந்துக் கடையில் கடல் நுரை கேளுங்கள். கணவாய் மீனின் ஓடுதான் அது, முக்கால்வாசிக்கு மேல் கால்சியம் கார்பனேட். உப்புப் போகக் கழுவி, காயவைத்து, மை போல அரைத்துப் புழுவின்மேல் தூவலாம். குழந்தைகளுக்கு ஊற்றுகிற டி3 சொட்டு மருந்தை மட்டும் நீங்களாக ஊற்றாதீர்கள். கூடினாலும் கேடு.

வாயைப் பிளந்து ஊட்டலாமா என்று கேட்பார்கள். குளிர்ந்திருக்கிற, வறண்டிருக்கிற பிராணிக்கு ஊட்டவே கூடாது. டாக்டர் சொல்லி, காட்டிக்கொடுத்த பிறகு பார்க்கலாம்.

எல்லா விரதமும் நோய் அல்ல. தோல் உரிக்கும்போது ஓரிரு நாள் தின்னாது. புது வீட்டுக்கு வந்தால் ஓரிரு வாரம் முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். கண்ணாடியில் தன் நிழலைப் பார்த்து எதிரி என்று நினைத்துத் தாடியைக் கறுப்பாக்கிக்கொண்டே இருக்கிற டிராகனும் உண்டு, மூன்று பக்கமும் அட்டை ஒட்டினால் சரியாகிவிடும். பெட்டை என்றால் ஆண் துணை இல்லாமலே முட்டை கட்டும். வயிறு உப்பி, மூலையைப் பறந்து பறந்து தோண்டினால் ஈரமணல் நிரப்பிய பெட்டி வையுங்கள். போட இடம் கிடைக்காமல் முட்டை உள்ளேயே தங்கினால் உயிருக்கு ஆபத்து.

அப்புறம் குளிர்காலத் தூக்கம். சொந்த ஊரில் குளிர்காலம் வந்தால் மண்ணுக்குள்ளோ கட்டைக்கு அடியிலோ ஒடுங்கிக்கொள்கிற பிராணி இது. ஒரு வயது தாண்டிய டிராகன் நம் மார்கழி தையில் சில வாரத்திலிருந்து இரண்டு மூன்று மாதம் வரை தின்னாமல் தூங்கிக் கழிக்கலாம். இது தூக்கமா நோயா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? தராசுதான் வழி. வாரம் ஒருமுறை எடை போட்டுக் குறித்துவையுங்கள். தூங்குகிற பிராணிக்கு எடை ஏறக்குறைய அப்படியே நிற்கும். பத்தில் ஒரு பங்கு குறைந்துவிட்டால் தூக்கம் என்று சமாதானம் சொல்லிக்கொண்டிருக்காதீர்கள். ஒரு வயதுக்குக் குறைந்த குட்டி தின்னாமல் மூன்று நாள் கிடந்தாலே கவலைப்பட வேண்டும், அதற்குச் சேமிப்பு கிடையாது. தராசு என்றதும் பையன் அக்காவின் சமையலறைத் தராசில் சாமியாரை ஏற்றிவிட்டான். அன்று அந்த வீட்டில் நடந்ததை எழுதினால் தனிப் பதிவாகிவிடும். ஆனால் அக்கா பக்கம்தான் நியாயம். நல்ல ஆரோக்கியமான ஊர்வனவின் குடலிலும் சால்மோனெல்லா இருக்கும். தனித் தராசு, தனித் துணி, தொட்ட பிறகு சோப்புப் போட்டுக் கைகழுவுதல், இதில் சலுகை இல்லை.

டாக்டர் விஷயம். "நம்ம ஊர்ல ஆட்டுக்கும் மாட்டுக்கும்தான் டாக்டர், இதுக்கு யாரு பாப்பா?" என்று சும்மா இருந்துவிடாதீர்கள். டிராகன் பசியிழப்பதற்குப் பெரிய காரணங்களில் ஒன்று குடலில் பெருகும் காக்சிடியா என்ற ஒட்டுண்ணி. கோழிக்கு வருவதன் உறவுக்காரன்தான், இனம் வேறு. சாணப் பரிசோதனையில் தெரிந்துவிடும். கோழி எச்சத்தையும் ஆட்டுப் புழுக்கையையும் மைக்ராஸ்கோப்பில் பார்க்கிறவர்கள் இதையும் பார்க்கலாம். அன்று காலை போட்டதைச் சின்ன டப்பாவில் காயாமல் எடுத்துப் போங்கள். தேனியிலேயே 2020 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி நடக்கிறது, தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது. எக்ஸ்ரே, ரத்தப் பரிசோதனை என்று போனால் சென்னை வேப்பேரிக் கல்லூரிவரை வழி இருக்கிறது, 2023-லிருந்து போடியிலிருந்தே சென்னைக்கு ரயிலும் இருக்கிறது. செய்யக் கூடாதது ஒன்றுதான், மருந்துக்கடையில் கோழி மருந்தை வாங்கி உத்தேசமாக ஊற்றுவது. கிலோ கணக்கில் அளவு சொல்லியிருக்கும் மருந்தை நானூறு கிராம் உடம்புக்குக் கண்ணளவில் பிரிக்க முடியாது.

வாங்கப் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஆஸ்திரேலியா தன் காட்டுயிர்களை வியாபாரத்துக்கு வெளியே விடுவதை 1960-களிலேயே நிறுத்திவிட்டது. இன்று உலகெங்கும் விற்பவை கூண்டில் பிறந்து கூண்டில் பெருகியவை. அவற்றிலும் ஒரு பங்கு பேங்காக்கிலிருந்தும் கோலாலம்பூரிலிருந்தும் பெட்டிக்குள் ஒளித்துக் கொண்டுவரப்படுவதுதான். 2023 ஜூலையில் திருச்சி விமான நிலையத்தில் ஒரே பயணியின் பெட்டியில் 47 மலைப்பாம்புகளும் இரண்டு பல்லிகளும் பிடிபட்டன. அப்படி மூச்சுமுட்டி, தண்ணீரில்லாமல் வந்த உயிர் கடைக்கு வந்து தின்ன மறுப்பதில் ஆச்சரியம் என்ன? எங்கே பிறந்தது என்பதற்குத் தாள் கேளுங்கள், தராத கடையில் வாங்காதீர்கள். பச்சை இகுவானா போல சைட்டிஸ் என்ற சர்வதேச வன உயிர் வணிக ஒப்பந்தத்தின் பட்டியலில் இருக்கும் வெளிநாட்டு உயிர்களை மத்திய அரசின் பரிவேஷ் தளத்தில் பதிய வேண்டும் என்று 2024-ல் விதியே வந்திருக்கிறது. நம் உடும்பையோ பச்சோந்தியோ பிடித்து வளர்ப்பது நேரடியான குற்றம், அது வேறு.

"பேசாம மெட்டுல ஒரு பாறைமேல விட்டுட்டு வந்துருங்கடா" என்பது அம்மாச்சியின் நிரந்தரத் தீர்ப்பு. வளர்க்க முடியாத நிலை வந்தால் வளர்க்கத் தெரிந்த இன்னொருவரிடம் கொடுங்கள், மலையில் மட்டும் விடாதீர்கள். மேலே விட்டால் குளிரில் சாகும். கீழே போடிச் சூட்டில் பிழைத்துக்கொண்டால் அதன் ஒட்டுண்ணியும் வைரஸும் நம் ஓணான்களுக்குப் போகும். இரண்டும் நமக்கு வேண்டாம்.

சாமியார் இப்போது போடியில் இருக்கிறார், காலை வெயிலில் உட்கார்ந்து செம்பருத்தி தின்கிறார். அடுத்த காய் எடுப்புக்கு மலைக்குப் போகவில்லை, என் வீட்டில் தங்குவதாக ஏற்பாடு. போடி, சின்னமனூர், தேனிப் பக்கம் பொடி தூவாத பட்டுப்புழு சில்லறையாகக் கொடுக்கிறவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள், தேவைப்படுகிற பையன்கள் இன்னும் நாலைந்து பேர் இருக்கிறார்கள்.